துர்க்காபூரிலிருந்து மொகாலிக்கு: சுவராஜ் டிராக்டரும் ஆய்வகத் தொழில்நுட்பப் பரிமாற்றமும்

ஆய்வகத்தில் உருவான தொழில்நுட்பம் தொழிற்சாலையைச் சென்றடைவதை உரிம ஒப்பந்தங்களின் வரலாறாக எழுதுவதே வழக்கமாக உள்ளது. அரசு ஆய்வகங்களின் கண்டுபிடிப்புகளை உரிமத்தின்வழித் தொழிலகங்களுக்கு வழங்கத் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் 1953-இல் அமைக்கப்பட்டமை இப்பார்வைக்கு வலுச்சேர்த்தது. சுவராஜ் டிராக்டரின் வரலாறு இப்பார்வையின் போதாமையைக் காட்டுகிறது.

1960-களின் நடுப்பகுதியில், துர்க்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம், இயக்குநர் மன்மோகன் சூரியின் தலைமையில், ஏறத்தாழ 20 குதிரைத்திறன் கொண்ட டிராக்டரை வடிவமைக்கும் பணியில் இறங்கியது. பசுமைப் புரட்சியின் தொடக்கக் காலம் அது. டிராக்டரின் தேவை பெருகியது. உள்நாட்டு உற்பத்தியோ பெரும்பாலும் அயல்நாட்டு வடிவமைப்புகளையே நம்பியிருந்தது. அவ்வாறிருந்தும், பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. பிஞ்சோரில் உற்பத்தி செய்வதற்குச் செக்கோஸ்லோவாக்கியாவின் செடார் வடிவமைப்பே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏற்கெனவே சந்தையில் நிலைபெற்ற இயந்திரத்தில் இடர் குறைவு என்னும் வாதத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது. ஆயினும், அரசு தன் செலவில் உருவாக்கிய வடிவமைப்புக்கு அரசின் தொழிற்சாலையிலேயே இடமில்லாமற்போனது நகைமுரண்.

அவ்வடிவமைப்புக்கு வாழ்வளித்தது ஒரு மாநில அரசு. பஞ்சாப் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியால் 1970-இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் தோன்றியது. துர்க்காபூரில் வடிவமைப்புப் பணியிலிருந்த சந்திர மோகனும் உடன் பணியாற்றிய பொறியாளர்கள் சிலரும் ஆய்வகத்தை விட்டு அந்நிறுவனத்திற்கு வந்தனர். மொகாலித் தொழிற்சாலையிலிருந்து 1974-இல் சுவராஜ் 724 வெளிவந்தது.

இங்கு இடம்பெயர்ந்தது வரைபடம் மட்டுமன்று. எந்த உறுப்பு களத்தில் முறியும், எந்த அளவைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தலாகாது என்பன போன்ற அறிவு வரைபடத்தில் முழுமையாக அடங்குவதில்லை. வடிவமைத்தவரின் அனுபவத்திலேயே அது தங்கிவிடுகிறது. அவர்களே தொழிற்சாலைக்கு வந்தமையால் அதனைப் பிறருக்குக் கற்பித்துக் கையளிக்கும் இடைநிலை பெருமளவு தேவையற்றுப்போயிற்று. இன்றைய சொல்வழக்கில் இதனைப் புத்தொழில் நிறுவனம் என்று அழைக்கத் தோன்றலாம். ஆனால் தொடக்க இடரைத் தாங்கியது தனியார் முதலீட்டாளர் அல்லர், ஒரு மாநில அரசின் கழகம் என்பதை அச்சொல் மறைத்துவிடும்.

பிஞ்சோர் டிராக்டர் பிரிவை மூட நடுவணரசு 2016-இல் முடிவெடுத்தது. அம்முடிவுக்கு அன்றைய வடிவமைப்புத் தேர்வை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. பஞ்சாப் டிராக்டர்ஸ் 2007-இல் மகிந்திரா குழுமத்தின் கைக்கு மாறியது. சுவராஜ் என்னும் பெயர் மட்டும் மாறவில்லை.