வாசல் முதல் பலூன் வரை

மாரடைப்பின்போது இதயத் தமனியில் காணப்படும் ரத்தக்கட்டி அந்நோய்க்குக் காரணமா, தசை செத்த பின் வரும் விளைவா என்பதில் 1970-களில்கூட மருத்துவர்கள் ஒருமித்திருக்கவில்லை. பிணக்கூறாய்வில் பலரிடம் கட்டியே தென்படாததுதான் இந்த ஐயத்துக்கு இடமளித்தது. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் மார்கஸ் டிவுட் குழுவினர், நோயாளியின் உயிர் ஊசலாடும் வேளையிலேயே ஆஞ்சியோகிராம், அதாவது தமனிக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம், எடுக்கத் துணிந்தனர். வலி கண்டு 4 மணி நேரத்துக்குள் படமெடுக்கப்பட்டவர்களில் 87 சதவீதத்தினருக்குத் தமனி முழுவதும் அடைபட்டிருந்தது. 12 மணி நேரத்துக்கு மேல் கடந்தவர்களில் அது 65 சதவீதமே. கட்டி தானாகவும் கரையும், ஆனால் அதுவரை தசை தாங்காது என்பதை 1980-இல் வெளியான இந்த இரண்டு எண்களும் உணர்த்தின.

இத்தாலியில் 11,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து 21 நாள் இறப்பை 13 சதவீதத்திலிருந்து 10.7 ஆகக் குறைத்தது (1986). முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களே மிகுந்த பயனடைந்தனர். எனினும் இம்மருந்தால் சிலருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. 1977-இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக், மாரடைப்பு நேராத நோயாளியின் குறுகிய தமனியை விரிக்கக் கையாண்ட பலூனை, கான்சாஸ் நகரில் ஜெஃப்ரி ஹார்ட்ஸ்லர் மாரடைப்பின் நடுவிலேயே கையாண்டார். தொடையின் மேற்பகுதித் தமனி வழியே அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அது கட்டியைக் கடந்ததும் அதன்மேல் பலூனை நகர்த்தி ஊதுவதே இம்முறை. வலைக்குழாயான ஸ்டென்ட் பின்னர் சேர்ந்தது. 2003-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்தபோது, குறுகிய கால இறப்பு மருந்து பெற்றோரில் 9 சதவீதமாகவும், பலூன் சிகிச்சை பெற்றோரில் 7 சதவீதமாகவும் இருந்தது.

அதன்பின் கடிகாரமே அளவுகோலாயிற்று. மருத்துவமனை வாசலை மிதித்தது முதல் தமனி திறக்கும்வரை 90 நிமிடத்துக்கு மேல் ஆகலாகாது என்று விதிக்கப்பட்டு, அமெரிக்க மருத்துவமனைகளில் இந்த இடைவெளி 2005-க்கும் 2009-க்கும் இடையே 83 நிமிடத்திலிருந்து 67 ஆகச் சுருங்கியது, இறப்போ 4.8 சதவீதத்திலிருந்து 4.7-க்கு வந்ததோடு சரி. முன்னைவிட நலிந்தவர்களும் சிகிச்சைக்கு வந்தது போன்ற விளக்கங்கள் உண்டென்றாலும், வாசலுக்கு வெளியே, வாயுத் தொல்லை என்றெண்ணி வீட்டில் கழிந்த நேரத்தை அந்தக் கடிகாரம் எண்ணவேயில்லை என்பதே முதன்மையான குறை. தமிழ்நாட்டில் பலூன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு சிறிய மருத்துவமனைகளை இணைத்து, தொலைவிலுள்ளோருக்கு முதலில் கரைக்கும் மருந்தைக் கொடுத்து, பிறகு ஆம்புலன்ஸில் மாற்றும் ஏற்பாடு சோதிக்கப்பட்டது. 2017-இல் வெளியான முடிவின்படி ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. பலூன் பின்தள்ளிய பழைய மருந்துமுறை, இங்கே அதற்கு முன்னோடும் துணையாகத் திரும்பியிருந்தது.