உள்ளுறுப்பு மரு: வெட்கம் வேண்டாம், வைத்தியம் உண்டு

பிறப்புறுப்புக்குள் மரு வந்தால் நம் பெண்கள் பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை. முள்ளிப்பட்டு போன்ற தறி ஊர்களிலும் இதே நிலைதான்.

காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ், பெரும்பாலும் அதன் 6, 11 ஆம் வகைகள். கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் 16, 18 வேறு. யோனி, கருப்பை வாய், சிறுநீர்த் துவாரம், ஆசனவாய் ஆகியவற்றின் உள்ளே சிறு காலிஃபிளவர் போல முளைக்கும். வலி அநேகமாக இருக்காது. அரிப்பு, உறவுக்குப் பின் இரத்தக்கசிவு, ஆண்களுக்குச் சிறுநீர் பிரிந்து போவது போன்றவை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு நோய்களிலும் இவை வரும் என்பதால் பரிசோதனை அவசியம்.

திரவ நைட்ரஜனால் உறையவைத்தல், அமிலம் தடவுதல், மின்சூட்டால் எரித்தல், வெட்டியெடுத்தல் எனச் சிகிச்சைகள் உண்டு. எல்லாம் மருத்துவர் கையால்தான். கால் மருவுக்கு விற்கும் மருந்தையோ சுண்ணாம்பையோ உள்ளே வைத்தால் வெந்துவிடும். கர்ப்பிணிகள் முதலிலேயே கர்ப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். மரு திரும்பவும் வரலாம். அது சிகிச்சையின் தோல்வியல்ல.

ஆரணி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம், தேவைப்பட்டால் அடுக்கம்பாறை. பெண் மருத்துவரே சிறந்தது. கிடைக்காதபோது ஆண் மருத்துவரிடம், மஹ்ரம் துணையுடன், தேவையான அளவு காட்ட மார்க்கத்தில் அனுமதி உண்டு.

ஜமாஅத் பெரியவர்கள் கவனிக்க: தொற்றி மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்தே மரு தெரியும். இன்று மரு கண்டதால் மனைவியோ கணவனோ இப்போது தவறினார் என்று ஆகாது. இதை வைத்துத் தலாக், குலா பேசுவது அநியாயம்.

2023 முதல் கிடைக்கும் பூனா சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' தடுப்பூசி மேற்சொன்ன நான்கு வகைகளையும் தடுக்கும். வந்த மருவைப் போக்காது. 9 வயது முதல் ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம்.