தசைநலிவு நோயும் பரம்பரையலகு மருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்தம் பெயர்களாலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. அதில் நோயாளர் ஆற்றிய பங்கு உரிய கவனத்தைப் பெறவில்லை. ஆண்பிள்ளைகளையே பெரிதும் தாக்கும் பரம்பரைத் தசைநலிவு நோயின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்தல் பொருத்தமாகும்.

இந்நோய், 1860களில் அதனை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் டூஷெனின் பெயரால் வழங்குகின்றது. ஆயின், 1851இலேயே இலண்டன் மருத்துவர் எட்வேட் மெரியன் இதனை எடுத்துரைத்திருந்தார். ஒரே குடும்பத்துச் சகோதரர்களை இந்நோய் பீடிப்பதையும் தசைநாரின் மென்சவ்வு சிதைவதையும் அவர் கண்டார்.

அச்சிதைவின் காரணம் புலப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1980களில் பொஸ்ரன் நகரில் லூயி குங்கெலின் குழுவினர், எக்ஸ் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதியை இழந்திருந்த நோயாளிச் சிறுவன் ஒருவனின் டி.என்.ஏ.யைத் துணையாகக் கொண்டு உரிய பரம்பரையலகை நெருங்கினர். 1987இல் எரிக் ஹொவ்மன் முதலியோர் அது ஆக்கும் புரதத்தை இனங்கண்டு டிஸ்ரோபின் எனப் பெயரிட்டனர். தசைக்கலச் சவ்வைத் தாங்கி நிற்பது இப்புரதமே. மெரியன் கண்ட சிதைவுக்கு இவ்வாறு விளக்கம் கிடைத்தது.

இப்பரம்பரையலகில் புரதத்துக்குரிய செய்தி 79 துண்டங்களாக அமைந்துள்ளது. சில துண்டங்கள் அற்றுப்போகும்போது வாசிப்பொழுங்கு குலைகின்றது. அயலிலுள்ள மற்றொரு துண்டத்தையும் தாண்டி வாசிக்கச் செய்தால் ஒழுங்கு மீளும். குறுகியதாயினும் ஓரளவு பயன்தரும் புரதம் உருவாகும். இத்தத்துவத்தில் அமைந்த எற்றெப்லிர்சென் என்னும் மருந்து 2016இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 51ஆம் துண்டத்தைத் தாண்டச் செய்யும் அம்மருந்து, நோயாளருள் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கே பொருந்துவது. அதற்குரிய முதன்மைச் சோதனையில் பங்குகொண்டோர் 12 சிறுவர் மாத்திரமே. சான்று போதாதென ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையோர் கருதினர். காத்திருக்கக் காலமில்லையெனப் பெற்றோர் வாதாடினர். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு அனுமதி மறுத்தது.

2023இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட எலிவிடிஸ், டிஸ்ரோபினின் குறுகிய வடிவத்துக்குரிய பரம்பரையலகையே உடலினுட் செலுத்துவது. ஒருமுறை மாத்திரம் ஏற்றப்படும் அதன் விலை 32 இலட்சம் டொலர். அதனைப் பெற்றவருள் நடக்கும் ஆற்றலை இழந்திருந்த இருவர் ஈரல் செயலிழந்து இறந்தமை 2025இல் வெளிப்பட்டது.

இந்நோயின் அறிவு நோயாளரின் உடலிலிருந்தே பெறப்பட்டது என்பதை நாம் காண்கின்றோம். அதற்கீடாக அவர்களுக்கு உரியவை இரண்டு: செவ்வனே சோதிக்கப்பட்ட மருந்து, எளியோர்க்கும் எட்டக்கூடிய விலை. பெற்றோரின் அவசரத்தைக் காட்டி முன்னதையும், ஆராய்ச்சிச் செலவைக் காட்டிப் பின்னதையும் மறுத்தல் நீதியாகாது என்பதே எமது துணிபு.