மாலைதீவும் மாசிக் கருவாடும்

இலங்கையின் இல்லங்களிற் சம்பலுக்குச் சுவையூட்டும் மாசிக் கருவாடு, மரக்கட்டையை ஒத்த வன்மை உடையது, இடித்தாலன்றிப் பயன்படாது. நெடுங்காலமாக அது மாலைதீவிலிருந்தே இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அச்சிறு துண்டினுள் ஒரு நாட்டின் இயற்கையும் வரலாறும் அடங்கியுள்ளன.

இலங்கைக்குத் தென்மேற்கே, வடக்குத் தெற்காக எண்ணூறு கிலோமீற்றருக்கு மேலாகப் பரந்து கிடக்கும் மாலைதீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உள. மக்கள் வாழ்பவை ஏறக்குறைய 200 மாத்திரமே. கடலடியில் அமிழ்ந்துபோன எரிமலைத் தொடரின்மீது முருகை உயிர்கள் பன்னெடுங்காலம் கட்டியெழுப்பிய கற்பார்களே இத்தீவுகளைத் தாங்குகின்றன. மலை இல்லை, ஆறு இல்லை, நெல் விளையும் வயலும் இல்லை. தென்னையும் ஈரப்பலாவும் நிலம் தந்த செல்வம்; ஏனையவற்றைக் கடலே தரவேண்டியதாயிற்று. அரிசியும் துணியும் வெளிநாட்டிலிருந்து வர, மீனும் கயிறும் சோகியும் அவற்றுக்கு ஈடாகச் சென்றன. தென்னோலைகளைக் கடலில் இட்டு, அவற்றிற் பற்றிய சோகிகளை மக்கள் சேர்த்தனர். அச்சோகி வங்காளத்திலும் மேற்கு ஆபிரிக்காவிலும் நாணயமாக வழங்கிற்று.

முன்னர் பௌத்தம் நிலவிய இந்நாடு 1153 இல் இஸ்லாத்தைத் தழுவியது. 1343 இல் அங்கு வந்து நீதிபதியாகப் பணிபுரிந்த இபுனு பத்தூத்தா, மீனை நான்காக அரிந்து, சிறிது அவித்து, புகையூட்டிப் பிறநாடுகளுக்கு அனுப்பும் வழக்கத்தைக் குறித்துள்ளார். 1558 இற் போர்த்துக்கேயர் மாலேயைக் கைப்பற்றினர். பதினைந்து ஆண்டுகளின் பின் முகம்மது தக்குருபானு அவர்களை வெளியேற்றினார். ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் சுல்தானின் தூதர் ஆண்டுதோறும் காணிக்கைகளுடன் கொழும்புக்கு வந்தனர். 1887 இற் பிரித்தானியரின் பாதுகாப்பை ஏற்ற நாடு, 1965 யூலை 26 ஆந் திகதி முழுச் சுதந்திரம் பெற்றது. அதற்கான உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டதும் கொழும்பிலேயே.

அரசுகள் மாறினும் மீன்பிடிக்கும் முறை மாறவில்லை. விடியுமுன் தோணிகள் கற்பாரை அடைந்து, சிறு இரைமீன்களை வலையால் வாரும். கடல்நீர் உட்புகுந்து வெளியேறுமாறு அமைந்த தோணியின் அடிவயிற்றில் அவை உயிருடன் பேணப்படும். பின்னர் ஆழ்கடலிற் சூரைக் கூட்டத்தைக் கண்டதும், இரைமீனை எறிந்து, நீரையும் வாரி இறைப்பர். மழைபோல் விழும் அந்நீர்த்துளிகளை இரைக்கூட்டமென மயங்கிச் சூரைகள் மேலெழும். முள்ளில்லாத தூண்டில் கட்டிய நீண்ட கழியால் மீனவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்குவர். முள்ளில்லாமையால் மீன் தானே கழன்று தோணியில் விழும். தூண்டில் உடனே மீண்டும் கடலுக்குட் செல்லும். ஒரு தூண்டில் ஒரு முறைக்கு ஒரு மீனையே கொணரும். பெருவலைகளிற்போல ஆமையும் ஓங்கிலும் இதில் அகப்பட்டு மடிவதில்லை.

1970களின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை மாசி இறக்குமதியைக் குறைத்தபோது, மாலைதீவின் வாழ்வு தளர்ந்தது. பின்னர் யப்பானியரின் குளிரூட்டிய கப்பல்கள் பச்சை மீனை வாங்கின. 1974 முதல் தோணிகளுக்கு இயந்திரம் பூட்டப்பட்டது. 1972 இல் தொடங்கிய உல்லாசப் பயணத் துறை, பிற்காலத்தில் மீன்பிடியையும் விஞ்சிய வருவாயைத் தந்தது. ஆயினும் கழியுந் தூண்டிலும் கைவிடப்படவில்லை.

இன்று இடுக்கண் வேறு திசையிலிருந்து வருகின்றது. 1998 இலும் 2016 இலும் கடல்நீர் மிகுதியாக வெப்பமுற்றபோது, முருகைகள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. கற்பார் அழியின் இரைமீனுக்கு உறைவிடமில்லை. இரைமீன் இன்றேல் தூண்டிலுக்குச் சூரை இல்லை. கடல்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்து நிற்கும் தீவுகளுக்கும் அரணில்லை. அளவறிந்து எடுத்துப் பல நூற்றாண்டு வாழ்ந்த மீனவர் இக்கேட்டை விளைத்தவர் அல்லர். பெருநாடுகள் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் கடலை வெதுப்ப, அதன் பயனை முதலில் நுகர்வோர் அவர்களே. மாசியின் சுவையறிந்த நாட்டினர்க்கு, அதனை அனுப்பிய அயலவரின் இவ்விடர் பிறர் துன்பமாகத் தோன்றுதல் தகாது.