அழைப்புக்குறியிலிருந்து இலக்கத்துக்கு: கையடக்க வானொலியின் பெயர்ப்பட்டியல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பெயர்ப்பட்டியல்கள் பொதுவாக வரலாற்றாசிரியரின் கவனத்தை ஈர்ப்பதில்லை. வாக்காளர் இடாப்பு, வரிப்பதிவேடு, தொலைபேசி விபரக்கொத்து முதலியன வேறு வரலாறுகளுக்குச் சான்றாகப் பயன்படுகின்றனவேயன்றி, அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டென்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றது. வானொலி ஆர்வலர் ஒருவர் தமது கையடக்கக் கருவியினுட் கணினியின் துணைகொண்டு ஏற்றிவைக்கும் தொடர்பாளர் பட்டியலும் இத்தகையதே. மேலோட்டமாக நோக்குவோருக்கு அது நிரல்களும் காற்புள்ளிகளும் நிறைந்த வெறும் கோப்பு. ஆயின், அக்கருவியில் ஒருவர் பேசும்போது மறுமுனையிலுள்ள கருவிக்கு எட்டுவது அவருடைய குரலும் ஏழு தானங்கொண்ட ஓர் இலக்கமும் மாத்திரமே. அவ்விலக்கத்துக்குரியவர் யாவர் என்பதைக் கேட்பவரின் கருவி தன்னுள் இருக்கும் பட்டியலைப் பார்த்தே அறிதல் வேண்டும். ஒரு நூற்றாண்டுக் காலமாகத் தம் அடையாளத்தைத் தாமே வான்வழி அறிவித்து வந்த ஒரு சமூகத்தினர் இந்நிலையை அடைந்தது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவிற் கம்பியில்லாத் தந்தியைப் பொழுதுபோக்காகப் பயின்றோர் தத்தம் அழைப்புக்குறியைத் தாமே சூட்டிக்கொண்டனர். பெயரின் முதலெழுத்துக்களே பலருக்குப் போதுமானவையாயிருந்தன. ஒரே குறியை இருவர் கையாள்வதைத் தடுக்க எவருமிலர். 1909 இல் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்பார் தாம் நிறுவிய அமெரிக்கக் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தின் சார்பில் நிலையங்களின் பட்டியலொன்றை நீலநூல் என்ற பெயரில் வெளியிட்டார். சட்டம் தோன்றுவதற்கு முன்னரே பட்டியல் தோன்றிவிட்டது என்பது கவனிக்கற்பாலது. 1912 இல் டைற்றானிக் கப்பல் மூழ்கியமையைத் தொடர்ந்து அவ்வாண்டிலேயே வானொலிச் சட்டம் நிறைவேறியது. அனுமதிப்பத்திரம் கட்டாயமாயிற்று. நாடு ஒன்பது வலயங்களாக வகுக்கப்பட, வலய இலக்கத்தை முதலிலும் எழுத்துக்களை அடுத்தும் கொண்ட குறிகளை அரசே வழங்கியது. வர்த்தகத் திணைக்களம் நிலையங்களின் பட்டியலை அச்சிட்டு வெளியிடலாயிற்று. பெயரிடும் உரிமை இவ்வாறு தனியாளிடமிருந்து அரசின் கைக்குச் சென்றது.

பட்டியலின் பயனை நன்குணர்ந்தவர் ஹாட்போர்ட் நகரைச் சேர்ந்த ஹைறாம் பேர்சி மக்ஸிம். அருகிலுள்ள ஸ்பிறிங்பீல்ட் நகருக்கு அவருடைய சைகை எட்டவில்லை. இடைவழியிலிருந்த ஆர்வலர் ஒருவர் செய்தியை வாங்கி அப்பால் அனுப்பினார். இவ்வனுபவத்திலிருந்தே 1914 இல் அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் பிறந்தது. ஒருவர் மற்றவருக்குச் செய்தியைக் கைமாற்றுவதாயின் வழியில் யார் யார் உளர் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். எனவே அக்கழகம் தொடங்கிய ஆண்டிலேயே தன் நிலையங்களின் பட்டியலை வெளியிட்டது.

நாட்டெல்லைக்குள் ஒழுங்காயிருந்த இம்முறை 1923 நவம்பரிற் புதியதொரு சிக்கலை எதிர்நோக்கிற்று. பிரான்சின் 8ஏபி என்ற நிலையத்திலிருந்து லியோன் டெலோய் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்க ஆர்வலர்களுடன் இருவழித் தொடர்பு கொண்டார். 8ஏபி என்ற வடிவிலான குறி அமெரிக்காவின் எட்டாம் வலயத்துக்கும் உரியதே. எந்நாட்டு 8ஏபி என்ற வினா எழுந்தது. 1927 இன் வாஷிங்ரன் மாநாடு இதற்கு விடைகண்டது. நாடுகளுக்கு முன்னொட்டுக்கள் பகிரப்பட்டன. இலங்கை ஆர்வலர்கள் பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் விஎஸ்7 என்ற முன்னொட்டையும், சுதந்திரத்தின் பின்னர் 4எஸ்7 என்ற முன்னொட்டையும் பெற்றமை இவ்வொழுங்கின் பயனே. முன்னொட்டு மாறியதிலே ஓர் அரசியல் மாற்றம் பதிந்துள்ளது.

பின்னர் பல தசாப்தங்கள் ஆர்வலரின் மேசையை ஆண்டது சிக்காக்கோவிலிருந்து வெளிவந்த வானொலி ஆர்வலர் அழைப்புநூல். குறி, பெயர், வீட்டு முகவரி ஆகிய மூன்றும் ஒரே வரியில் அமைந்த தடித்த நூல் அது. தொடர்பை உறுதிசெய்யும் அஞ்சலட்டையை அனுப்ப முகவரி தேவைப்பட்டமையால் எவரும் இதனைக் குறையாகக் கருதியதாகத் தோன்றவில்லை. ஆயினும், நண்பருக்கு வழிகாட்டும் பட்டியல் அரசுக்கும் வழிகாட்டும். 1917 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்கா போரில் இறங்கியதும் ஆர்வலர் நிலையங்கள் யாவும் மூடப்பட்டன. 1939 இற் பிரித்தானிய ஆர்வலர்களின் அனுமதி நீக்கப்பட்டு, அவர்களுடைய கருவிகளைத் தபால் திணைக்களம் கையேற்றது. அவ்வார்வலர்களிலிருந்தே எதிரியின் சைகைகளை இரகசியமாகக் கேட்டெழுதும் தொண்டர்கள் பின்னர் திரட்டப்பட்டனர் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இக்காலம் முழுவதும் ஒரு விடயம் மாறவில்லை. நூல் கையில் இல்லாதவரும் எதிரில் உள்ளவரை அறிந்தனர். ஏனெனில் பேசுபவர் தம் குறியைத் தாமே சொன்னார். யப்பானிய வானொலி ஆர்வலர் கழகம் 2000 ஆம் ஆண்டை அண்டி உருவாக்கிய டி-ஸ்ரார் என்னும் இலக்கமுறை இம்மரபைப் பேணியது. அதன் ஒவ்வோர் ஒலிபரப்பின் தலைப்பிலும் எட்டு இடங்களுக்குள் அழைப்புக்குறி எழுத்துவடிவிலேயே செல்லும். ஆர்வலர் தமக்கென ஆக்கிய முறையாதலின் ஆர்வலரின் அடையாளமே அதில் இடம்பெற்றது.

ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நியம நிறுவனம் 2005 இல் வெளியிட்ட டி.எம்.ஆர். எனும் நியமமோ வேறு தேவைக்கு எழுந்தது. தொழிற்சாலை, வாடகைக் கார் நிறுவனம், துறைமுகம் முதலியவற்றில் முதலாளி கருவிகளை வாங்கித் தொழிலாளருக்குக் கொடுக்கிறார். 12 ஆம் இலக்கக் கருவி யாரிடம் உள்ளது என்பதை அலுவலகம் அறியும். பெயரை வான்வழி அனுப்ப வேண்டிய அவசியமில்லை. ஆதலால் 24 துகள்களில் அடங்கும் ஓர் இலக்கம் போதுமென வகுத்தனர். 2010 ஐ அண்டிய ஆண்டுகளில் மோட்டறோலாக் கருவிகளைக் கொண்டு ஆர்வலர்கள் இம்முறையைக் கையாளத் தொடங்கியபோதுதான் முரண்பாடு வெளிப்பட்டது. இலக்கம் வழங்கும் முதலாளி இங்கு எவருமிலர். முதலாளி இல்லாத இடத்தில் முதலாளியின் பதிவேட்டை ஆர்வலர்களே ஆக்கவேண்டியதாயிற்று. தொடர்பாளர் பட்டியல் என்பது பிறருக்கென வகுத்த கருவியைத் தமதாக்கிக்கொண்டதற்கு அவர்கள் செலுத்திய விலை எனலாம்.

அப்பதிவேட்டைத் தொடக்கத்தில் டி.எம்.ஆர்.-மார்க் என்ற தொண்டர் குழுவும் பின்னர் றேடியோ ஐடி என்ற சேவையும் பேணின. 24 துகள்களில் 16,777,215 வரையிலான எண்கள் அடங்குமாதலின் ஏழு தானங்களுக்குத் தடையில்லை. முதல் மூன்று தானங்களுக்குச் செல்லிடத் தொலைபேசிகளுக்கென ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்த நாட்டுக் குறியீட்டைக் கடன்வாங்கினர். இலங்கைக்கு 413. ஐக்கிய அமெரிக்காவில் அடுத்து மாநிலத்தின் இலக்கமும் அதன்பின் வரிசை எண்ணும் வந்தன. கலிபோர்னியா 3106, ரெக்சாஸ் 3148. எஞ்சிய மூன்று தானங்களில் 1000 பேருக்கே இடமுண்டு. பெரிய மாநிலங்கள் விரைவில் நிரம்ப, வேறு தொடர்களைத் திறக்க நேர்ந்தது. 1927 இன் முன்னொட்டுப் பங்கீடு இங்கு மீண்டும் அரங்கேறியது என்று கொள்ளலாம். ஆனால் இம்முறை அரசுகள் கூடவில்லை. சட்டத்தின் கண்ணில் இவ்விலக்கத்துக்கு எவ்வித மதிப்புமில்லை. சர்வதேச விதிகள் இன்றும் கோருவது அழைப்புக்குறியையே.

பட்டியலை வைத்திருப்பதற்குக் கருவியில் இடம் வேண்டும். 2010 களின் நடுப்பகுதியிற் குறைந்த விலையில் வந்த சீனத் தயாரிப்பான ரி.வை.ரி. எம்.டி.-380 கருவி 1000 தொடர்பாளர்களையே ஏற்றது. ஒவ்வொரு பெயருக்கும் 16 எழுத்துக்கள். பேச்சுக்குழுக்களுக்கான பதிவுகளும் இந்த ஆயிரத்துள் அடங்கவேண்டும். பதிவேட்டிற் பல்லாயிரம் பேர் இருக்கையில் எந்த ஆயிரம்பேரைத் தெரிவது? அயலவரையா, அன்றி அடிக்கடி பேசுவோரையா? ஒவ்வொருவரும் தமது உலகத்தை ஆயிரம் பேராகச் சுருக்கவேண்டியிருந்தது. ஏனையோர் திரையில் வெறும் இலக்கமாகவே தோன்றினர்.

இத்தடையை உடைத்தவர் ட்ரவிஸ் குட்ஸ்பீட் என்ற அமெரிக்க ஆய்வாளர். கருவியின் உள்நிரலைப் படிக்க முடியாதவாறு இடப்பட்டிருந்த பூட்டைக் கடந்து, அதனைத் திருத்தியமைக்கும் வழியை 2016 இல் அவர் வெளியிட்டார். அவரும் அவரைச் சார்ந்தோரும் ஆக்கிய எம்.டி.380 ரூல்ஸ் என்ற நிரற்றொகுதி, கருவியின் நினைவகத்திற் பயன்படாதிருந்த பகுதியில் முழுப் பதிவேட்டையும் எழுதிவைத்தது. ஒரு வரிக்கு 100 பைற்றுக்கள் எனக் கொண்டால் ஒரு இலட்சம் பேருக்கு ஒரு கோடி பைற்றுக்கள். அதற்கு அந்நினைவகம் இடங்கொடுத்தது. இலக்கம், அழைப்புக்குறி, பெயர், நகரம், மாநிலம், செல்லப்பெயர், நாடு என்ற ஒழுங்கில் ஏழு புலங்களைக் காற்புள்ளியாற் பிரித்து வரிக்கொருவராக எழுதுதல் வேண்டும். முதல் வரி எவருடைய பெயருமன்று. பின்வரும் முழுக்கோப்பின் அளவு அதில் இடப்படும். நினைவகத்திற் பழைய எழுத்துக்கள் அழியாது கிடக்கலாமாதலின் பட்டியல் எங்கே முடிகிறது என்பதைக் கருவிக்கு உணர்த்த இது தேவைப்பட்டது. அவ்வளவும் எழுத்துக்களின் எண்ணிக்கையன்று, பைற்றுக்களின் எண்ணிக்கை. ஐரோப்பியப் பெயர்களில் வரும் குறியிட்ட எழுத்துக்கள் ஒன்றுக்கு இரண்டு பைற்றுக்களை எடுப்பதால், எழுத்தை எண்ணியவரின் பட்டியலில் வால் அறுந்துபோகும்.

காற்புள்ளியாற் பிரிக்கும் இம்முறை கணினியுலகிற் பழையது. அதற்கு ஒரு பொது விளக்கம் எழுதப்பட்டது 2005 இலேதான். நகரின் பெயருக்குள்ளேயே காற்புள்ளி வருமாயின் நகரம் இரண்டாகப் பிளந்து, மாநிலத்தின் இடத்தில் அதன் பாதி போய் அமரும். 2017 இல் வந்த எனிடோன் 868 கருவியின் நிரல் இதனைத் தவிர்க்க ஒவ்வொரு புலத்தையும் இரட்டை மேற்கோட்குறிக்குள் இட்டது. அத்துடன் குழு அழைப்பா தனி அழைப்பா என்பதற்கும், அழைப்பு வரின் மணி ஒலிக்கவேண்டுமா என்பதற்கும் தனிப் புலங்களைச் சேர்த்தது. ஒரு கருவிக்கென ஒழுங்குசெய்த பட்டியல் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே ஒரே பதிவேட்டைக் கருவிக்கேற்ப வெட்டியும் ஒட்டியும் தருவதே சில தொண்டர்களின் வேலையாயிற்று. இப்பணியை எழுதுவினைஞர் வேலையென இகழ்தல் பொருந்தாது. ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோரும் இத்தகைய வேலையையே செய்தனர். எனிடோன் 868 இன் கொள்ளளவு 150,000 வரை உயர்ந்தது. அதன் வழிவந்த பிற்காலக் கருவி 500,000 பேரை ஏற்கும். பதிவேடோ இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. யாரைத் தெரிவது என்ற வினா இவ்வாறு மறைந்துபோயிற்று.

மறையாத வினாக்களும் உள. கருவியில் எந்த இலக்கத்தையும் எவரும் பதியலாம். அது உரியவருடையதா என்று பார்க்கும் ஏற்பாடு கருவியில் இல்லை. பிறர் இலக்கத்தை ஒருவர் இட்டுப் பேசின், கேட்போரின் திரையில் அப்பிறருடைய பெயரும் நகரும் ஐயத்துக்கு இடமின்றித் தோன்றும். இறந்தோரின் பெயர்களும் பழைய பட்டியல்களைப் புதுப்பிக்காதவரின் கருவிகளில் வாழ்கின்றன. அச்சில் வந்த அழைப்புநூலும் வெளிவந்த நாளிலேயே பழையதாகியிருக்கும் என்பது உண்மை. ஆயின், நூலைத் திறப்பவர் தாம் பார்ப்பது நூல் என்பதை அறிவார். திரையிற் பெயரைக் காண்பவரோ அது வானிலிருந்து வந்ததென்றே எண்ணுவார். உண்மையில் அது அவருடைய சட்டைப்பையிலிருந்தே வருகின்றது.

பெயரைப் பற்றிய வினா தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. பதிவேட்டில் முதற்பெயருக்கு ஒரு நிரலும் குடும்பப்பெயருக்கு மற்றொரு நிரலும் உள. தந்தையின் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் கொள்ளும் மரபினர் எதனை எங்கு இடுவது? வரிசைப்படி இட்டால் உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் அவரைத் தந்தையின் பெயராலேயே விளிப்பர். மாற்றி இட்டால் அவருடைய கடவுச்சீட்டு ஒருவிதமும் வானொலி வேறுவிதமும் கூறும். எழுத்தும் இடர் தருவதே. கந்தசாமி என்ற பெயர் படிப்பவருக்கு ஐந்தெழுத்து. யுனிக்கோட் முறையில் எட்டுக் குறியீடுகள். எட்டுத் துகள் கொண்ட அலகுகளில் எழுதின் 24 பைற்றுக்கள். உரோம எழுத்திலோ ஒன்பதே. 16 இடங்கொண்ட புலத்துள் எது அடங்கும் என்பது வெளிப்படை. அடங்கினும், கருவியின் திரையில் அவ்வெழுத்துருவம் இருத்தல் வேண்டும்.

டி.எம்.ஆர். நியமத்தின் பின்னைய பதிப்புக்களிற் பேசுபவரின் பெயரைக் குரலோடு சிறு துண்டுகளாக அனுப்பும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. ஏழு துகள் எழுத்துக்கள் மட்டுமன்றி யுனிக்கோட் எழுத்துக்களையும் அது அனுமதிக்கின்றது. அதனை ஏற்கும் கருவிகளில், பட்டியலில் இல்லாத ஒருவர் பேசினும் அவர் தமக்கு இட்ட பெயரே மறுமுனையின் திரையில் தோன்றும். 1912 க்கு முன்னர் போலவே, அங்கு எவரும் எப்பெயரையும் தமக்குச் சூட்டிக்கொள்ளலாம்.