ஒழுகும் காபரேற்றரும் ஒரு நாட்டின் உழவும்

போரில் வென்ற நாடு பட்டினியை அஞ்சி நின்ற கதை இது. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்திற்கூடப் பங்கீடு செய்யப்படாத பாண், போர் முடிந்தபின் 1946 இல் பிரித்தானியாவில் பங்கீட்டுக்கு வந்தது. பெற்றோல் பங்கீடோ 1950 மே மாதம் வரை நீடித்தது. வயலில் விளைச்சலைப் பெருக்கவேண்டும், ஆனால் உழும் இயந்திரத்துக்கு எரிபொருள் அரிது என்பதே அன்றைய நெருக்கடி.

அந்த 1946 இலேதான் கொவென்றி நகரின் பனர் லேன் தொழிற்சாலையிலிருந்து சிறிய சாம்பல் நிற உழவு இயந்திரமொன்று வெளிவந்தது. போர்க்காலத்தில் விமான எஞ்சின்கள் செய்த கட்டடம் அது. அயர்லாந்தில் 1884 இல் பிறந்த ஹரி பேர்குசனின் ரி.ஈ.20 எனப்படும் அந்த இயந்திரம் 1956 வரை 5 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்தை அடைந்ததும் இந்த வகை இயந்திரங்களிலேயே.

பெற்றோலின் விலைக்கும் தட்டுப்பாட்டுக்கும் விடையாக, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவான 'ரி.வி.ஓ.' எனும் எரிபொருளில் ஓடும் வகையும் வந்தது. பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் சூடேறியபின் அதற்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பவேண்டும். இல்லையேல் காபரேற்றரின் கிண்ணத்தில் தங்கும் கனத்த எண்ணெய் மறுநாட் காலையில் எஞ்சினைத் தொடங்க விடாது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை காபரேற்றர். ரி.ஈ.20 இல் எரிபொருட் தாங்கி மேலே, காபரேற்றர் கீழே. பம்பு கிடையாது. புவியீர்ப்பினாலேயே எரிபொருள் இறங்கும். அதனைத் தடுத்து நிறுத்துவது ஒரு மிதவையும் ஓர் ஊசி வால்வுமே. மணலின் ஒரு துகள் அந்த ஊசியின் இருக்கையில் அகப்பட்டாற் போதும், தாங்கி முழுவதும் சொட்டுச் சொட்டாக நிலத்திற் போய்விடும். பங்கீட்டு நாட்களில் அது வெறும் கசிவன்று, உழப்படாத நிலம்.

பழைய இயந்திரங்களைப் பேணுவோர் இன்றும் பின்பற்றும் ஒழுங்கு எளிது. முதலில் எரிபொருட் குழாயை மூடவேண்டும். மூடியதும் சொட்டு நின்றுவிட்டால் ஐயம் ஊசி வால்வின் மீதும் மிதவையின் மீதும் விழும். கிண்ணத்தின் விளிம்பில் ஈரம் ஊறினால் பழுது காஸ்கட்டில். மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால், உள்ளே எரிபொருள் புகுந்திருப்பின் சலசலப்புக் கேட்கும். அதனைச் சுடுநீரில் அமிழ்த்தினால் துளையுள்ள இடத்தில் குமிழி எழும். உள்ளிருப்பதை முற்றாக வெளியேற்றிய பின்னரே ஈயம் பற்றவைக்கலாம்; அவசரப்பட்டால் வெடிக்கும். ஈயம் கூடினாலும் கேடுதான். பாரமான மிதவை தாழ மிதக்கும், எரிபொருள் மட்டம் உயரும், ஒழுகல் தொடரும். ஊசியின் கூம்பு முனையில் தேய்ந்த வளையம் தெரிந்தால் ஊசியையும் இருக்கையையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

இந்தக் கதை எமக்கு அந்நியமன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் பெற்றோல் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டுத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். கொவென்றியில் பொறியியலாளர் வகுத்த அதே நியதிதான். ஆனால் அங்கே அழுத்த விகிதத்தைக் குறைத்து அதற்கெனவே எஞ்சினை வடிவமைத்தனர். இங்கே பெற்றோலுக்கென அமைந்த எஞ்சின்கள் புகை கக்கின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்தது. அந்த எஞ்சின்களை நாளும் ஓடச்செய்தவர்கள் எமது கராஜ்களின் மெக்கானிக்குகள்.

பேர்குசனின் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்த மெக்கானிக்குகளின் கைவண்ணம் எங்கும் எழுதப்படவில்லை. அவர்களிற் பலர் இன்று முதுமையில் இருக்கின்றனர். கேட்டு எழுதுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது, அதிகம் இல்லை.