தோட்டத்துக் குடும்பங்களின் கல்விக் கணக்கு



மலேசியத் தமிழர்தம் கல்வி வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் அறிக்கைகளையும் பள்ளிகளின் எண்ணிக்கையையும் தவறாமல் குறிப்பிடுவர். பிள்ளையைப் படிக்கவைத்த வீட்டில் பணம் எவ்வாறு திரண்டது என்பதை எழுதுவோர் சிலரே. எனக்கோ அதுவே முதன்மையான வரலாறாகத் தோன்றுகிறது.

1920களில் தோட்டத்தில் ஆடவருக்கு நாட்கூலி ஏறத்தாழ 50 காசு, பெண்டிருக்கு 40 காசு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. ஆயினும், களை பிடுங்கி நாலு காசு கொண்டுவரக்கூடிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே குடும்பத்துக்கு இழப்புதான். கட்டணத்தைவிட இந்த இழப்பே பெரிது.

1962 முதல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964இல் நீக்கப்பட்டதும் நம் பிள்ளைகள் பலர் பட்டணத்துப் பள்ளிகளுக்குச் சென்றனர். செலவு தொடங்கியதும் அங்கேதான். பேருந்துக் கட்டணம், சீருடை, காலணி, தேர்வுக் கட்டணம் என அடுக்கடுக்காய் வந்தன. தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் கூடுதலாக ஓராண்டு பயில வேண்டியிருந்ததால், அந்த ஓராண்டுச் செலவும் பெற்றோர் தலையில் விழுந்தது. பாடநூல் இரவல் திட்டம் வந்தது 1975இல்தான்.

காலமும் பகையாக நின்றது. ஆண்டிறுதி மழையில் பால்மரம் சீவ இயலாத நாள்கள் மிகுதி. சீவாத நாளுக்குக் கூலியும் குறையும். அதே வேளையில் தீபாவளிச் செலவு முடிந்திருக்கும். அக்காலத்தில் பள்ளி திறப்பது ஜனவரியில். அடுத்து வரும் இலையுதிர் காலத்தில் பாலும் குறைந்துவிடும். ஆக, வருவாய் மிக மெலிந்திருந்த வேளையில்தான் செலவு மிகப் பெரிதாக நின்றது.

இவ்விடைவெளியை நிரப்பியவை மூன்று: மளிகைக்கடையின் 555 கடன் புத்தகம், அடகுக்கடைக்குப் போன அம்மாவின் சங்கிலி, மூன்றாவதாகக் கூட்டு. பத்துப் பேர் மாதம் 50 வெள்ளி கட்டினால், மாதம் ஒருவர் 500 வெள்ளியை எடுத்துக்கொள்வார். பள்ளிச் செலவு உள்ள வீட்டுக்கு டிசம்பர் முறை கிடைப்பதே பெரும்பேறு. பிடித்தவர் பணத்தோடு மறைந்தால் முறையிட வழியில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தடைசெய்தது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் நம் சொல் இடம்பெற்றிருப்பது பெருமையா சிறுமையா என்பதை அன்பர்களே முடிவு செய்க!

கூட்டின் நல்ல பாதியைச் சட்டத்துக்குட்பட்டுச் செய்துகாட்டியவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரராயினர். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அந்தப் பத்து வெள்ளி, குழந்தையின் பேருந்துச் செலவோடு போட்டியிட்ட பத்து வெள்ளி என்பதை மறக்கலாகாது. நிலம் முதலா, படிப்பு முதலா என்று ஒவ்வொரு சம்பள நாளிலும் வீட்டில் வழக்கு நடந்திருக்கும்.

1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி முதுமைக்கானது. பின்னாளில் பிள்ளைகளின் உயர்கல்விக்காகவும் அதிலிருந்து பணமெடுக்க வாய்ப்பு வந்தது. 1997இல் பி.டி.பி.டி.என். கடன் வந்தபின் சுமையின் ஒரு பகுதி பிள்ளைகளின் தோளுக்கு மாறியது. 2024 மே மாதத்தில் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டது. கல்விக்கான பணத்தை ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து எடுக்கலாம். புதிய சந்தாவில் அக்கணக்கில் சேர்வதோ நூற்றுக்கு 15 பங்கு மட்டுமே.